கொக்கிக்கு அந்தப் பக்கம்: ஹார்பர் கேங்கும் அஜைல் டீமும்



தலைப்பைப் பார்த்துவிட்டு "இது என்ன மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு?" என்று கேட்காதீர்கள். முடிச்சு நிஜமாகவே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன செமஸ்டரில் எங்கள் புராஜெக்ட் குழுவில் ஆறு பேர். "எல்லாரும் அஜைல் முறையில்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே பேச வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். ஒவ்வொரு வேலைக்கும் பாயிண்ட். சுவரில் மஞ்சள் சீட்டு. முதல் வாரம் ஜாலியாகத்தான் இருந்தது. நான்காவது வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நடந்தது இதுதான். பக்கத்துக் குழு ஒரு ஸ்பிரிண்டில் முப்பது பாயிண்ட் முடித்தது, நாங்கள் இருபது. உடனே நாங்களும் கெட்டிக்காரர்களாகி, ஐந்து பாயிண்ட் வேலைக்கு எட்டு போட ஆரம்பித்தோம். ஸ்கிரீன் செய்தவர்கள் "எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள், டேட்டாபேஸ் பக்கம் இருந்தவர்கள் "எங்களிடம் இன்னும் எதுவும் வரவில்லை" என்றார்கள். எல்லாருடைய பிழையையும் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்த ஒரு தோழி இருந்தாள். அவளுக்கென்று தனிச் சீட்டு எதுவும் முடியவில்லை. அதனால் கணக்கில் அவளுக்குத்தான் மிகக் குறைந்த பாயிண்ட். மதிப்பெண்ணும் அந்தக் கணக்கை வைத்துத்தான் என்று தெரிந்தபோது எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது.

இதை வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா சிரித்தார். ஹார்பரில் கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இன்னா கண்ணு, இதுக்குப் பேரு அஜைலா? நாங்க கேங்குன்னு சொல்லுவோம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அஜைலின் கதை, சுருக்கமாக

1986-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன், ஃப்யூஜி ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதுப் பொருள்களை எப்படி இவ்வளவு வேகமாகக் கொண்டுவருகின்றன என்பது கேள்வி. ஒரு துறை முடித்து அடுத்த துறைக்குத் தள்ளிவிடுவது ரிலே ஓட்டம். இவர்களோ ரக்பி ஆட்டம்போல மொத்தக் குழுவாக, பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். ரக்பியில் வரும் 'ஸ்க்ரம்' என்ற சொல் அங்கிருந்துதான் மென்பொருளுக்கு வந்தது. 1995-ல் ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வாபரும் ஸ்க்ரம் முறையைப் பொதுவில் முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி 'அஜைல் மேனிஃபெஸ்டோ' எழுதினார்கள். நான்கு மதிப்புகள், பன்னிரண்டு கொள்கைகள். அவ்வளவுதான்.

சிறிய குழு, தினமும் கூடுவது, குழுவே வேலையைப் பிரித்துக்கொள்வது, வேலையின் அளவை எண்ணிப் பார்ப்பது. இதெல்லாம் 2001-ல் பிறந்த மாதிரி பாடத்தில் வருகிறது. ராயபுரம் கடற்கரையில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

துறைமுகம் இல்லாத துறைமுகம்

மதராஸ் பெரிய வணிக ஊராக இருந்தும் நீண்ட காலம் அதற்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே பயங்கரமான அலை. ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் வரவேண்டும்.

மசூலா படகு ஒரு அதிசயம். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாது, வளைந்து கொடுக்கும். இங்கிலீஷ்காரனின் உறுதியான படகுகள் அந்த அலையில் நொறுங்கின, தைத்த படகு பிழைத்தது. படகில் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பேர். பின்னால் நின்று துடுப்பால் திசை திருப்புபவர் தண்டல். எந்த அலையில் ஏற வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அந்த நொடியில் அவர்தான் சொல்வார். மற்றவர்கள் பாட்டுப் பாடி ஒரே தாளத்தில் வலிப்பார்கள். கடல் மிக மோசமாக இருந்தால் கரையில் கொடி ஏறும். அன்றைக்குப் படகு போகாது, எவ்வளவு அவசரச் சரக்கானாலும் சரி.

இந்தப் படகுக்காரர் சமூகம் கட்டியதுதான் ராயபுரத்துப் புனித ராயப்பர் ஆலயம். ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

இங்கே முதல் பாடம் கிடைக்கிறது. ஒரு குழு தானாக முடிவெடுக்க வேண்டுமென்றால், 'முடியாது' என்று சொல்லவும் ஒரு கொடி வேண்டும். எங்கள் புராஜெக்டில் அந்தக் கொடி இல்லை. ஸ்பிரிண்டில் எத்தனை வேலை வரும் என்பதை மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். எப்படி முடிப்பது என்பது மட்டும் எங்கள் 'சுதந்திரம்'!

1876-ல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். 1904-லிருந்து பொறுப்பில் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் துறைமுக வாயில் வடகிழக்குக்கு மாறி, கப்பல்கள் பத்திரமாக உள்ளே நிற்க ஆரம்பித்தன. 1905-ல் மதராஸ் போர்ட் டிரஸ்ட் வந்தது.

இதில் இன்னொரு விஷயமும் நடந்தது. கடலில் நீட்டிய கற்சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. இன்றைக்கும் எங்கள் ஊர்க் கடற்கரையில் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம். ஒரு இடத்தைச் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் பிரச்சினை போய் உட்காரும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி காலம்

துறைமுகம் வந்ததும் படகுக் குழு போய், கேங் வந்தது. கப்பல் என்றைக்கு வரும் என்று தெரியாது. நான்கு கப்பல் சேர்ந்து வந்தால் ஆயிரக்கணக்கான ஆள் தேவை, கப்பல் இல்லாத நாளில் ஒருவரும் தேவையில்லை. அந்த ஏற்ற இறக்கத்தின் சுமை முழுவதும் கூலியாள் தலையில் விழுந்தது. காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டியவனுக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மேஸ்திரிக்கு வேண்டியவன், கமிஷன் கொடுத்தவன் முன்னால் போவான்.

உலகம் முழுக்க இதே நிலைதான். 1889-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது மணிக்கு ஆறு பென்ஸ் கூலி மட்டுமல்ல, வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது கொடு என்பதும்தான். இங்கே, 1918-ல் பெரம்பூர் பக்கத்து மில் தொழிலாளர்களைக் கொண்டு மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1931-ல் விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், துறைமுகத் தொழிலாளர்களை இப்படித் தினக்கூலியாக வைத்திருப்பதை மாற்றிப் பதிவு முறை கொண்டுவரச் சொன்னது. சட்டம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல். அதன் கீழ் மதராஸுக்கு 1956-ல் ஒரு திட்டம் வந்தது.

பதிவு முறையில் தொழிலாளர் பெயர் டாக் லேபர் போர்டிடம் இருக்கும். முறை வைத்து வேலை வரும். மாதத்தில் இத்தனை நாளுக்குக் குறைந்தபட்ச உத்தரவாதக் கூலி உண்டு. வேலைக்கு வந்து நின்றும் அந்த வேலை நடக்காமல் போனால் அதற்கும் ஒரு தொகை. அதன் பெயர் என்ன தெரியுமா? 'டிஸ்அப்பாயிண்ட்மென்ட் மணி'. ஏமாற்றக் கூலி! படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை யாராவது ஏற்கத்தான் வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

"தினமும் நிக்கறது எங்களுக்கும் உண்டு. ஆனா நின்னதுக்குக் காசு வாங்கித் தந்தது சங்கம்" என்றார் தாத்தா.

கேங் எப்படி வேலை செய்தது?

தாத்தா சொன்னதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கப்பலின் அடிவயிற்றில் சரக்கு. அங்கே இறங்கி மூட்டைகளைக் கயிற்று ஸ்லிங்கில் அடுக்குபவர்கள் சிலர். ஹேட்ச் வாயில் நின்று கையசைத்துச் சொல்லும் சிக்னல்மேன். அவர் கையைப் பார்த்து வின்ச் ஓட்டுபவர். கரையில் கொக்கியிலிருந்து சரக்கை இறக்கிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள். எண்ணிக் குறித்துக்கொள்ளும் டாலி கிளார்க்.

இதில் யாராவது ஒருவர் தாமதித்தால் எல்லாரும் நிற்க வேண்டும். அடிவயிற்றில் பத்துப் பேர் பறந்து பறந்து அடுக்கினாலும், கரையில் லாரி இல்லையென்றால் கொக்கி அந்தரத்தில் தொங்கும். "வேகமா ஓடறவன் கேங்குக்கு வேகம் தரமாட்டான், நிக்கறவன்தான் கேங்கு வேகத்தை முடிவு பண்ணுவான்" என்றார் தாத்தா. எங்கள் பாடப்புத்தகத்தில் இதையே ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய சிக்கல் கொக்கியில்தான் இருந்தது. கப்பல் மேல் வேலை பார்த்தவர்கள் டாக் லேபர் போர்டு ஆட்கள், ஸ்டீவடோர் நிறுவனங்களிடம் வேலை செய்பவர்கள். கரையில் வேலை பார்த்தவர்கள் போர்ட் டிரஸ்ட் ஆட்கள். ஒரே சரக்கு, ஒரே கொக்கி. ஆனால் கொக்கிக்கு அந்தப் பக்கம் ஒரு முதலாளி, இந்தப் பக்கம் இன்னொரு முதலாளி. தனித்தனி விதி, தனித்தனிக் கணக்கு. தாமதம் என்றால் அந்தப் பக்கத்தைக் கை காட்டினால் போதும்.

எங்கள் ஸ்கிரீன் குழுவும் டேட்டாபேஸ் குழுவும் ஞாபகத்துக்கு வருகிறதா? அலுவலகங்களிலும் இதுதான் நடக்கிறது. எழுதுகிறவர்கள் ஒரு 'அஜைல் டீம்', சோதிப்பவர்கள் வேறு மேலாளர் கீழ், சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு நிறுவனம். ஒவ்வொரு குழுவும் தன் அளவில் சுறுசுறுப்பாக இருக்கும். சரக்கு மட்டும் கொக்கியில் தொங்கும்.

டேட்டம் என்ற கணக்கு

அடுத்தது அளவு. இந்தியத் துறைமுகங்களில் பீஸ் ரேட் முறை வந்தபோது ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் ஒரு 'டேட்டம்' வைத்தார்கள். ஒரு ஷிப்டில் ஒரு கேங் இத்தனை டன் இறக்க வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் ஊக்கத்தொகை. மூட்டைக்கு ஒரு டேட்டம், இரும்புக்கு ஒன்று, உதிரிச் சரக்குக்கு ஒன்று.

நல்ல யோசனைதான். ஆனால் டேட்டத்தை யார் வைப்பது, எப்போது மாற்றுவது? தொழிலாளருக்கு ஒரு பயம்: இன்றைக்கு உயிரைக் கொடுத்து அதிகம் இறக்கினால் நாளைக்கு டேட்டத்தை ஏற்றிவிடுவார்கள். நிர்வாகத்துக்கு ஒரு குறை: கருவிகள் மாறிய பிறகும் பழைய டேட்டமே நீடிக்கிறது, சும்மா இருந்தாலும் ஊக்கத்தொகை வந்துவிடுகிறது. இரண்டுமே நியாயமான பேச்சு. அதனால்தான் டேட்டம் பற்றிய பேச்சுவார்த்தைகள் பல்லாண்டு நீண்டன.

இப்போது அஜைலில் 'வெலாசிட்டி' என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்பிரிண்டில் குழு எத்தனை பாயிண்ட் முடித்தது என்ற எண். அது குழு தன் அடுத்த இரண்டு வாரத்தைத் திட்டமிடுவதற்காக வந்த எண். அதை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிட ஆரம்பித்த நாளே அது டேட்டம் ஆகிவிடுகிறது. அப்புறம் ஐந்து எட்டாகும். நாங்கள் செய்தோமே! நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, அந்த எண்ணுக்கு அப்படி நடந்துகொள்ளத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். ஊக்கத்தொகைக் கணக்கு கேங்குக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. தாத்தாவின் கேங்கில் வயதான ஒருவர் இருந்தாராம். மூட்டை தூக்க முடியாது. ஆனால் எந்த மூட்டையை எங்கே வைத்தால் அடுக்கு சரியாது என்று அவருக்குத்தான் தெரியும். "அவரு தூக்கினது கம்மி. ஆனா அவரு இருந்த நாள்ல எவன் காலும் நசுங்கல" என்றார் தாத்தா. அவருக்கும் சம பங்குதான். ஆள் ஆளுக்குக் கணக்கு போட்டிருந்தால் முதலில் வெளியே போயிருப்பவர் அவர்.

எனக்கு உடனே அந்தத் தோழி ஞாபகம் வந்தது.

சண்டையே இல்லையா என்று கேட்டேன். "இல்லாம இன்னா? வேணும்னே உக்காந்துக்கறவனும் இருப்பான். அவனை நாங்களே பாத்துப்போம்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை :-) கேங்கைத் தங்கமாக்கிக் காட்டுவது என் நோக்கம் இல்லை. காயம், விபத்து, நெஞ்சு வலி, மது எல்லாம் அந்த வாழ்க்கையில் இருந்தன. பெண்கள் கேங்கில் இல்லை.

1956, மறுபடி 1956

மதராஸில் அந்தத் திட்டம் வந்த அதே 1956-ல், ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மேல்தளத்தில் 58 இரும்புப் பெட்டிகள். அனுப்பியவர் மால்கம் மெக்லீன், ஒரு லாரி முதலாளி. உதிரிச் சரக்கை ஆட்கள் ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன இடத்தில், இந்தப் பெட்டி முறையில் 15.8 சென்ட்தான் ஆனது என்று கணக்குப் போட்டார்கள். இங்கே கேங்குக்குப் பாதுகாப்பு எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், அங்கே கேங்கே தேவைப்படாத பெட்டி கடலில் இறங்கிவிட்டது.

1983-ல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001 நவம்பரில் அதை இயக்கும் பொறுப்பு தனியார் நிறுவனத்திடம் போனது. அதே 2001-ல் எண்ணூரில் புதுத் துறைமுகம் திறந்தது. அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே முதலில் அது கட்டப்பட்டது. அங்கே கரி, கூடையில் வராது, கன்வேயர் பெல்ட்டில் ஓடும். 2014-ல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. ஸ்னோபேர்டில் 17 பேர் கூடியதும் இதே 2001 என்பதைக் கவனியுங்கள்.

கொக்கியின் இரு பக்கங்களையும் ஒன்றாக்க வழிசெய்யும் சட்டம் 1997-ல்தான் வந்தது. அதன் பிறகு டாக் லேபர் போர்டு, துறைமுகத்தோடு இணைந்தது. அதற்குள் கொக்கியில் தொங்கும் சரக்கின் பெரும்பகுதி பெட்டிக்குள் போய்விட்டது. விருப்ப ஓய்வில் பலர் போனார்கள். தாத்தாவும் அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்று. கேங்கின் திறமையில் ஒரு குறையும் இல்லை. எந்த மேஸ்திரியும், எந்த டேட்டமும், எந்தக் காலைக் கூட்டமும் அந்தப் பெட்டியை வென்றிருக்க முடியாது. குழு எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், என்ன செய்கிறோம், எதற்குச் செய்கிறோம் என்ற முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டால், அந்தச் சுறுசுறுப்பு குழுவைக் காப்பாற்றாது. அஜைல் வகுப்பில் இதைச் சொல்லித் தருவதில்லை.

நாங்கள் என்ன செய்தோம்?

தாத்தாவின் பேச்சைக் கேட்டு நான்கு மாற்றம் கேட்டோம். இரண்டு கிடைத்தது.

ஒன்று, ஸ்கிரீன் குழு, டேட்டாபேஸ் குழு என்ற பிரிவை எடுத்துவிட்டோம். ஒரு வசதியை ஆரம்பம் முதல் கடைசிவரை இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். கொக்கிக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை.

இரண்டு, பாயிண்ட் கணக்கு குழுவுக்கு மட்டும். தனி ஆளுக்குக் கிடையாது. இதற்கு எங்கள் கைடு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் வேலை செய்யாதவனை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "எங்களுக்குத் தெரியும் சார்" என்றோம். அந்தத் தோழிக்கு மற்ற ஐந்து பேருக்கும் கிடைத்த அதே மதிப்பெண் கிடைத்தது.

கிடைக்காத இரண்டு: எவ்வளவு வேலை எடுப்பது என்பதை நாங்களே முடிவு செய்யும் உரிமை, பிற குழுவோடு எங்கள் எண்ணை ஒப்பிடக் கூடாது என்ற வாக்குறுதி. கொடி இன்னும் கரையில் இருப்பவர்கள் கையில்தான்.

அடுத்த வருடம் எங்களில் பலர் ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது கம்பெனியில் 'அஜைல் டீம்' உறுப்பினர்களாக இருப்போம். சுவரில் மஞ்சள் சீட்டு இருக்கும், காலையில் நிற்கவும் சொல்வார்கள். அப்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். கொக்கிக்கு அந்தப் பக்கம் யார்? டேட்டத்தை வைத்தது யார்? காத்திருக்கும் நேரத்துக்கு யார் தலையில் சுமை?

கட்டுரையைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பாட்டைப் பத்தி சரியாவே எழுதலையே கண்ணு. பாட்டு இல்லாம எப்படித் தூக்குவாங்க?" என்றார்.

அது அடுத்த கட்டுரைக்கு. உங்கள் வீட்டிலும் ஹார்பரிலோ, மில்லிலோ, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். சொல்ல நிறைய வைத்திருக்கிறார்கள்.